சாட்சி சொல்ல லண்டன் போனேன்

ஹீத்ரோவில் இறங்கியபோது காலை ஏழு மணி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். திருச்சி வெயிலில் புறப்பட்டவன், இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தேன். தடுப்புக் கம்பிக்கு அப்பால் பெருங்கூட்டம் நின்றது. அதில் எங்கோ நேசன் நின்றார்.

நேசனை எனக்கு நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் ஒரு முகாமில் பத்து மாதத்துக்கு மேல் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் அடைபட்டிருந்தோம். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, என் முகத்தை அவரும் பார்த்ததில்லை. அறையைவிட்டு வெளியே எடுக்கும்போதெல்லாம் கண்ணைக் கட்டிவிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கதவின் கீழ் இடைவெளியால் தள்ளுவார்கள். முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் சுவரோடு வாயை வைத்து ஆளுக்கு ஆள் கதைத்துக்கொள்வோம். அந்த இரைச்சலில் கதைப்பதென்றால் கத்தித்தான் கதைக்கவேண்டும். நேசனுடைய குரல் கனத்த குரல். அதற்குப் பொருத்தமாக ஓர் உடம்பை நானே மனதில் செய்து வைத்திருந்தேன். ஆறடி உயரம், அகன்ற தோள், முறுக்கிய மீசை.

"மாஸ்டர்" என்று அந்தக் குரல் கேட்டது. திரும்பினேன். ஆறடி மனிதர் எவரும் இல்லை. என் தோள் மட்டத்துக்கு, வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர், ஊதா நிறக் கம்பளித் தொப்பியோடு நின்றார்.

"நேசனோ?"

"ஓம், நான்தான்."

"நீர் இவ்வளவு கட்டையெண்டு நான் நினைக்கேல்லை."

"நானும் உங்களை வழுக்கைத் தலையும் வண்டி வயிறுமாயெல்லோ நினைச்சிருந்தனான். இதென்ன இப்பிடி மூங்கில் மாதிரி வந்து நிக்கிறியள்?"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துப் பார்த்தார், கடையில் பலாப்பழம் பார்ப்பதுபோல. நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். தரை துடைக்கும் வண்டியோடு வந்த ஒரு பெண், எங்களை விலகச் சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் நேசனுக்குப் பின்னால் நின்ற இன்னொருவரைக் கவனித்தேன். கறுப்புக் கோட்டு, கையில் பெரிய பை. கஸ்தூரி என்ற வழக்கறிஞர். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, லண்டனிலேயே தங்கிவிட்டவர். தொலைபேசியில் பலமுறை பேசியிருந்தோம்.

"சார், வாங்க. சந்தோஷமா இருங்க, தப்பில்ல. ஆனா கேஸைப் பத்தி மட்டும் நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூட பேசக்கூடாது. பேசினா, ரெண்டு பேரும் சேர்ந்து கதை கட்டிட்டாங்கன்னு அந்தப் பக்கத்து வக்கீல் சொல்லுவாரு. அதனாலதான் உங்களுக்கு வேற வீடு பாத்திருக்கேன்."

என்ன வழக்கு என்று சொல்லவேண்டும். எங்கள் முகாமுக்கு ஒரு டாக்டர் வருவார். விசாரணை அறையில் அடித்துக்கொண்டிருக்கும்போது அவரைக் கூப்பிடுவார்கள். நாடி பிடிப்பார், நெஞ்சில் குழாய் வைப்பார், கண்ணைப் பார்ப்பார். பிறகு எங்கள் தமிழிலேயே, "இவனுக்கு இன்னும் ஏலும்" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். மறுபடி தொடங்குவார்கள். சில நாட்களில் "இண்டைக்குப் போதும்" என்பார். அன்று விட்டுவிடுவார்கள். அது எந்தப் படையின் முகாம் என்று இங்கே எழுதவில்லை. எங்கள் இருவருடைய உறவுகளும் ஊரில் இருக்கிறார்கள்.

எனக்கு விடுதலை கிடைத்ததும் கடல் கடந்து திருச்சிக்கு வந்து, ஒரு டியூஷன் நிலையத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நேசன் லண்டனுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. அந்த டாக்டரும் லண்டனில்தான் வைத்தியம் பார்க்கிறார் என்று நேசன் முறையிட்டிருந்தார். டாக்டர்களுக்குத் தொழில் உரிமை கொடுக்கும் சபை விசாரணை வைத்தது. ஒருவருடைய சாட்சி போதாது. நெல்லியடி என்ற ஊரின் கணக்கு மாஸ்டர் ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார் என்று மட்டும் நேசனால் சொல்ல முடிந்தது. அந்தச் செய்தி வாய்வழியாகக் கனடா, சென்னை என்று சுற்றி ஒருநாள் திருச்சியில் என் வகுப்பு வாசலுக்கு வந்தது.

எனக்குப் பார்த்திருந்த வீடு ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்திலிருந்து மூன்று மைலில். வீட்டுக்காரர் குணம் அண்ணை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு தன் வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, லண்டன் எப்பிடி?" என்று கேட்டார். வண்டியில் ஏறி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"குளிருதண்ணை."

"இதுக்குப் பேர் கோடை. நேற்று நான் சேர்ட்டைக் கழட்டிப்போட்டுத் தோட்டத்தில இருந்தனான்."

அவர் வீட்டின் மேல் விமானங்கள் மிகத் தாழப் பறந்தன. ஒவ்வொரு முறையும் பேச்சை நடுவில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அவருடைய மனைவி தந்த இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்குள்ளேயே மாலைவரை தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணையோடு தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். கஸ்தூரியின் வீடு அங்கே. ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு ரயில், கிளாப்பம் ஜங்ஷனில் இறங்கி இன்னொரு ரயில். ஒருநாள் பயணச் சீட்டு மூன்று பவுண் சொச்சம். ஜங்ஷனில் எத்தனை தண்டவாளம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில் வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு, ஒன்று போகும்போதே அடுத்தது கண்ணுக்குத் தெரிவது வேடிக்கையாக இருந்தது.

தோர்ண்டன் ஹீத் தெருவில் தமிழ்க் கடைகள் இருந்தன. முருங்கைக்காய்க் கட்டு இரண்டு பவுண். பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா, நல்லெண்ணெய், கருவாடு எல்லாம் உண்டு. கருவாட்டுப் பொதியை முகர்ந்து பார்த்த ஒருவரைக் கடைக்காரர், "அண்ணை, அது பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கு, மணம் வராது" என்று மறித்தார். முகர்ந்தவர் நேசன். மனைவி மாலினியோடும் ஏழு வயது மகளோடும் வந்திருந்தார்.

அன்று கஸ்தூரி எங்களைச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்த்தி, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டார். முகாமைத் தவிர வேறு எதையும் பேசலாம் என்பது ஒப்பந்தம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த முகாம் மட்டும்தான். என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. பிறகு நேசன் தன் பேக்கரியைப் பற்றிச் சொன்னார். லூயிஷாமில் ஓர் இத்தாலியரிடம் பாண் போடும் வேலை. மாலுபணிஸ் என்ற, மீன் கறி அடைத்த எங்கள் ஊர் பணிசைச் செய்து கடையில் வைத்தபோது முதலாளி ஒரு வாரம் பேசாமல் இருந்தாராம். பிறகு காலையில் முதல் தட்டில் இரண்டைத் தனக்கு எடுத்து ஒளித்து வைக்கத் தொடங்கினாராம்.

"எல்லாம் சரி, நீங்கள் ரெண்டு பேரும் ஏன் இப்பிடிக் கத்துறியள்?" என்று மாலினி கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலைப் பூட்டுறான்."

அப்போதுதான் கவனித்தோம். ஜெனரேட்டர் ஓடுவதுபோலவே நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். தாழ்த்திப் பேசிப் பார்த்தோம். இரண்டு வாக்கியத்தில் குரல் மறுபடியும் ஏறிவிட்டது. கஸ்தூரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் சிரிக்கவில்லை. ஒரு பயம் இருந்தது. அந்த டாக்டரை முகாமில் பார்த்ததற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. படம்கூட எனக்குக் காட்டக்கூடாது என்று கஸ்தூரி சொல்லிவிட்டார். அறைக்குள் போய், பார்த்து, இவர்தான் என்று சொல்லவேண்டும். ஆண்டுகள் போய்விட்டன. எனக்கு அடையாளம் தெரியாவிட்டால் நேசனுடைய வார்த்தை தனியே நிற்கும். தவறான ஒருவரைக் கை காட்டிவிட்டால் அது அதைவிட மோசம். ஒரு மனிதனுடைய தொழிலை, பெயரை நான் அழித்தவனாவேன்.

விசாரணை மத்திய லண்டனில், பழைய உயரமான கட்டடம் ஒன்றில். பளிங்குப் படி, தடித்த கம்பளம், நீர் நிறைந்த கண்ணாடிக் கூசாக்கள். நீதிமன்றம் என்று நினைத்துக் கூண்டைத் தேடினேன். கூண்டு இல்லை. குழுவினர் நீண்ட மேசை ஒன்றில் இருந்தார்கள். பெரும்பாலோர் டாக்டர்கள், ஒன்றிரண்டு பேர் வேறு தொழிலில் இருப்பவர்கள். நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண், உட்காருகிறீர்களா, நிற்க விருப்பமா என்று என்னைக் கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு விசாரணை அறையில் என்னிடம் கேட்கப்பட்ட மிக விசித்திரமான கேள்வி அது. உட்கார்ந்தேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் நடந்ததெல்லாம் தமிழில் நடந்தது, அதனால் தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்டிருந்தேன். மொழிபெயர்க்க ஓர் அம்மா வந்திருந்தார், மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் பொட்டும், சேலைக்கு மேல் தடித்த கோட்டுமாக என் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

அந்த டாக்டர் இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

எதிர் மேசையில் நான்கு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், மற்ற மூவரும் எங்கள் நிறம். ஒருவருக்குத் தாடி. ஒருவர் பருத்தவர். மூன்று முகமும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று நரைத்த தலைப் பெண் சொன்னதை அந்த அம்மா மெல்லத் தமிழில் சொன்னார். காத்திருந்தேன். தாடிக்காரர் அதுவரை காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முதலில் என் இடது கண்ணைப் பார்த்தார், பிறகு வலது கண்ணை. யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. தாடிக்கு உள்ளே இருந்த முகம் அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தத் தாடி வைச்ச ஐயா" என்றேன்.

அதற்குப் பிறகு அவருடைய வழக்கறிஞர் எழுந்தார். நெடிதுயர்ந்த, மரியாதையான மனிதர்.

"விசாரணை அறையில் உங்கள் கண் கட்டப்பட்டிருந்தது என்றீர்கள்."

"ஓம்."

"அங்கே இருந்த வேறு எவரையாவது உங்களால் அடையாளம் காட்ட முடியுமா?"

"இல்லை."

"இவரை மட்டும் முடியும். எப்படி?"

"கண்மணி சுருங்குதோ எண்டு பார்க்கிறதுக்கு அவர் கட்டை அவிழ்ப்பார். டோர்ச் அடிப்பார், பிறகு அணைப்பார். அணைச்ச பிறகும் நாடி பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் எனக்கு முன்னால இருப்பார். மற்ற ஆக்கள் எனக்குப் பின்னால நிப்பினம். அந்த முகாமில நான் பார்த்த ஒரே முகம் அவற்ற முகம்தான்."

அம்மா மொழிபெயர்த்தார். அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வழக்கறிஞர் தன் தாள்களைப் புரட்டிவிட்டு, அவர் உங்களுக்கு எப்போதாவது மருந்து கொடுத்தாரா என்று கேட்டார்.

கொடுத்திருந்தார். காய்ச்சல் வந்தபோது ஒருமுறை மாத்திரை தந்தார். ஓம் என்றேன். கஸ்தூரியின் பேனா நின்றது.

"அப்படியானால் உங்களுக்கு அவர் வைத்தியம் செய்திருக்கிறார்."

"ஓம். காய்ச்சல் மாறிச்சு. மாறின அண்டைக்கே திரும்பவும் என்னை அந்த அறைக்குக் கொண்டுபோச்சினம்."

பிறகு நரைத்த தலைப் பெண், அவர் பேசியதை அவர் சொன்ன சொல்லிலேயே சொல்லச் சொன்னார். "இவனுக்கு இன்னும் ஏலும்" என்றேன். மொழிபெயர்க்கும் அம்மா தடுமாறினார். என் பக்கம் குனிந்து, "ஏலும்னா என்னங்க? ஏலம் போடறதா?" என்று கேட்டார்.

"முடியும் எண்டு அர்த்தம், அம்மா. தாங்குவான் எண்டு."

அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு தெளிவான குரலில் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடித்ததும் மேசையின் கீழ் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

என் சாட்சி முடிந்ததால் பின்வரிசையில் இருந்து மற்றவற்றைக் கேட்க அனுமதித்தார்கள். அடுத்து நேசன். அவர் அந்த டாக்டரை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அன்றுதான் நானும் கேட்டேன்.

மகளுக்குத் தொண்டை நோ. மாலினி வேலைக்குப் போய்விட்டதால் நேசன்தான் பிள்ளையைச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வழக்கமான டாக்டர் விடுமுறையில். பதிலுக்கு வந்திருந்தவர் பிள்ளையிடம் வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச்சை அடித்துக் குனிந்திருக்கிறார். நேசனுக்குப் பக்கவாட்டில் அந்த முகம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். பிள்ளையின் சப்பாத்து ஒன்று அங்கேயே கிடந்தது. பின்னேரம் மாலினி போய் அதை எடுத்துவந்தார்.

"நீங்கள் ஏன் அன்றே சத்தம் போடவில்லை?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"பிள்ளை பயந்திடும் எண்டு" என்றார் நேசன்.

அடுத்த நாள் டாக்டரே பேசினார். நல்ல ஆங்கிலம். தன்னையும் கட்டாயப்படுத்தித்தான் அங்கே கொண்டுபோனார்கள் என்றார். தான் இல்லாவிட்டால் பலர் செத்திருப்பார்கள், தான் நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளே குழப்பமாக இருந்தது. அந்த நாட்கள் உண்மையில் இருந்தன. அவற்றில் ஒன்றிரண்டை நானும் நினைத்துக்கொண்டேன்.

குழுவில் ஓரமாக ஒரு கிழவர் இருந்தார். அவரும் டாக்டர்தான். அவர் மெதுவாகக் கேட்டார். "இன்னும் முடியும் என்று சொன்னீர்கள். எது இன்னும் முடியும்?"

"விசாரணை."

"அதற்குப் பின் அந்த அறையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டர் தண்ணீர் குடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "தெரியும்" என்றார்.

"அப்படியானால் உங்கள் நோயாளி யார், டாக்டர்? அவரா, அவரை அடித்தவர்களா?"

அவருக்குப் பின்னால் மெல்லிய நீலச் சேலையில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். நரைத்த தலைப் பெண் சீரான குரலில் வாசித்தார். அவர் சொன்னது பெரும்பாலும் எனக்கு விளங்கியது, ஆனாலும் பக்கத்தில் அந்த மயிலாப்பூர் அம்மா என் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குற்றச்சாட்டு உறுதிப்பட்டது. டாக்டர்களின் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது. இனி அவர் இந்த நாட்டில் வைத்தியம் செய்ய முடியாது. "அவ்வளவுதாங்க" என்று முடித்தார். அவர் வேலை காலையோடு முடிந்திருந்தது. யாரும் கேட்காமல்தான் இருந்திருக்கிறார்.

வெளியே வந்தோம். மழை தூறியது. படியில் நின்றுகொண்டு, யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சிறை இல்லையோ?" என்று நேசனைக் கேட்டேன்.

"இவையளுக்கு அந்த அதிகாரம் இல்லை. எனக்குக் கவலையில்லை, மாஸ்டர். இனி அவர் ஒரு பிள்ளையிட கழுத்தில கை வைக்க ஏலாது. நான் கேட்டது அதைத்தான்."

சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றி மழையில் தலையை நீட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு என்னையும் பிடித்துக்கொண்டது. கஸ்தூரி குடையை விரிக்காமலே பிடித்துக்கொண்டு நின்றார். மாலினி அழுதுகொண்டே எங்களைத் திட்டினார், காய்ச்சல் வரப்போகுது என்று.

லூயிஷாமில் இருந்த தன் வீட்டுக்கு பஸ்ஸில் போவோம் என்று நேசன் பிடிவாதம் பிடித்தார். ரயில் கால் மணித்தியாலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அவருக்கு அந்த நேரம் வேண்டுமாம். மேல்தட்டின் முன்வரிசையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். தேம்ஸ் ஆற்றைக் கடக்கும்போது வெயில் வந்துவிட்டது. தண்ணீர் களிமண் நிறம், நான் படங்களில் பார்த்த நீலம் இல்லை. இப்போது எதையும் பேசலாம் என்று கஸ்தூரி அனுமதி தந்திருந்தார். ஆனால் முகாமைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நேசன் ஆற்றையும் பாலத்தையும் காட்டினார், பிறகு தான் முதன்முதலில் பாண் கருக்கிய கடையையும் காட்டினார். எனக்கு என் இரண்டாவது மகளுக்கு மீன் பிடிக்காது என்பதைச் சொல்லவேண்டும்போல் இருந்தது, சொன்னேன். அவர் அதை மிகவும் முக்கியமான செய்திபோலக் கேட்டார்.

அன்றிரவு முதல் நான் அவர் வீட்டு விருந்தாளி. சனிக்கிழமை காலை லூயிஷாம் சந்தையில் வியாபாரிகள் பழத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் குவித்து வைத்து, ஒரு கிண்ணம் ஒரு பவுண் என்று பாட்டாகக் கூவினார்கள். நேசன் அதே ராகத்தில் தமிழில் பதில் கூவினார். ஒரு வியாபாரி அவருக்கு இரண்டு மாம்பழம் அதிகம் போட்டார். சிவன் கோயிலில் மதியப் பூசைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நேசன் தன் பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி கேக் கொண்டுவந்திருந்தார். ஐயர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"முட்டை போட்டதோ?"

"இல்லை ஐயா, இதுக்கெண்டு தனியாச் செய்தது."

"என்ன விசேஷம்? பிறந்தநாளோ?"

நேசன் கொஞ்சம் யோசித்தார். "ஓம் ஐயா, அப்பிடித்தான்."

கேக்கைச் சந்நிதியில் வைக்க ஐயர் சம்மதிக்கவில்லை. ஆனால் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அவரே ஆளனுப்பிக் கொடுக்கச் செய்தார். யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோரும் வாழ்த்தினார்கள்.

பின்னேரம் கிரீனிச் பூங்காவுக்குப் போனோம். லூயிஷாமிலிருந்து இரண்டு மைல். நடந்தே போகலாம். மேட்டின் உச்சியில் நின்றால் கீழே ஆறும், அதற்கப்பால் நகரம் முழுவதும் தெரிகிறது. பிள்ளைகள் புல்லில் படுத்து, பீப்பாய்போல் உருண்டு உருண்டு சரிவில் இறங்கினார்கள். நேசனுடைய மகளும் உருண்டாள். கீழே போய் நின்று, "அப்பா, யுவர் டர்ன்" என்று கூப்பிட்டாள்.

"மாஸ்டர், வாறியளோ?"

"எனக்கு நாற்பத்தெட்டு வயசு."

"எனக்கு நாற்பத்தொண்டு. வாருங்கோ."

நான் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாலினியிடம் கொடுத்தேன். படுத்தேன். வானம், புல், வானம், புல் என்று மாறி மாறி வந்தது. பாதியில் பாதை மாறி ஒரு நாயைத் தாண்டிப் போனேன். கீழே கிடந்தபோது மூச்சு வாங்கியது, மூக்கில் புல் மணம். பக்கத்தில் நேசன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவருக்கு அடியிலேயே வளைந்து கிடந்தது. நாயின் சொந்தக்காரர் வந்து எங்களுக்கு ஏதும் காயமா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றோம், இருவரும் ஒரே குரலில்.

திங்கள் பகல் விமானம். வழியனுப்ப எல்லோரும் வந்தார்கள். குணம் அண்ணை, "எண்ட ஆக்கள்தான் பெட்டி ஏத்துறாங்கள், பயப்பிடாதேயுங்கோ" என்று உறுதி சொன்னார். நேசன் வளைந்த கண்ணாடியோடு நின்று கையசைத்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே போனேன்.

விமானம் மேலே ஏறியதும் ஊரை நினைத்தேன். எங்களை அடித்தவர்களின் முகம் எங்களுக்குத் தெரியாது. அவர்களை யாரும் எந்த அறையிலும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. இனிக் கேட்பார்களா என்பதும் தெரியாது. ஓர் அந்நிய நாட்டில், எங்களுக்கு உறவோ பகையோ இல்லாத சிலர், எங்களுக்காகத் தங்கள் நாட்களைச் செலவழித்துக் காதுகொடுத்துக் கேட்டார்கள். கிழவர் கேட்ட கேள்வியை அந்த டாக்டரிடம் அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் அவர் எப்படிப்பட்ட மனிதராக இருந்திருப்பார் என்றும் யோசித்தேன். திருச்சியில் என் மாணவர்களில் இரண்டு பேர் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். மகன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். சாப்பாடு வந்து போனதும் பேச்சுக் கொடுத்தார்.

"லண்டன்ல சொந்தக்காரங்க இருக்காங்களா, தம்பி?"

"இருக்கினம், அம்மா. இந்த முறைதான் முதல்ல பார்த்தனான்."

"சுத்திப் பாக்க வந்தீங்களாக்கும்?"

"இல்லை. ஒரு டாக்டரைப் பார்க்க வந்தனான்."

அவர் முகம் மாறியது. "அடடா. உடம்புக்கு என்ன?"

"கனகாலமா ஒரு உபாதை இருந்தது."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சுகம், அம்மா" என்றேன். "நல்ல சுகம்."

"நல்லதுப்பா" என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு, தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சென்னை வரும்வரை சொன்னார். நான் சந்தோசமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.